ஐம்பது பிரதிகள் ஒன்று சொல்ல, இரண்டு வேறு சொன்னால்?

அடுத்த கேள்வி. லத்தீன் கவிஞர் லுக்ரேஷியஸ் பற்றிப் பேசியபோது, பதிப்பாசிரியர்கள் இரண்டு கையெழுத்துப் பிரதிகளைத்தான் பெரிதும் நம்புகிறார்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு நேயர் கேட்கிறார்: "ஐம்பது பிரதிகளில் ஒரு பாடமும் இரண்டில் வேறு பாடமும் இருந்தால், ஐம்பதைத்தானே எடுக்க வேண்டும்?"

(பாடம் என்றால் ஒரு வரியில் அந்தப் பிரதி தரும் சொற்கள்.) நியாயமான சந்தேகம்தான். ஆனால் பிரதிகளை ஓட்டு எண்ணுவது போல எண்ண முடியாது. அந்த ஐம்பதும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1417-ல் போஜ்ஜோ என்ற இத்தாலிய அறிஞர் பழைய சுவடிகளைத் தேடிப் போன இடத்தில் லுக்ரேஷியஸின் காவியத்தைக் கண்டுபிடித்தார். நகல் ஒன்று எடுக்கச் செய்து, ஃப்ளோரன்ஸில் இருந்த நண்பர் நிக்கோலிக்கு அனுப்பினார். நிக்கோலி அதைப் பத்து வருஷத்துக்கு மேல் திருப்பியே தரவில்லை. போஜ்ஜோ கடிதத்தில் புலம்புகிறார், பாவம். அந்த நகல் பிறகு தொலைந்துபோனது. நிக்கோலி தன் கையால் எழுதிக்கொண்ட பிரதி மட்டும் ஃப்ளோரன்ஸில் இன்றும் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்ட ஐம்பது சொச்சமும் போஜ்ஜோ கண்டெடுத்த அந்த ஒன்றின் வழிவந்தவை என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. ஆக, ஐம்பது பேர் சாட்சி சொல்லவில்லை, ஒருவர்தான் சொல்கிறார்.

மற்ற இரண்டும் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நீளமாக இருப்பது ஆப்லாங்கஸ், சதுரமாக இருப்பது குவாட்ராட்டஸ். குவாட்ராட்டஸில் ஒரு வேடிக்கை. நான்கு பகுதிகள் தமக்குரிய இடத்தில் இல்லாமல் நூலின் கடைசியில் கிடக்கின்றன. வரிசையும் தாறுமாறு: இரண்டாம் பாகத்தில் ஒன்று, அப்புறம் ஐந்தாம் பாகம், முதல் பாகம், மறுபடி இரண்டாம் பாகம். எண்ணிப் பார்த்தால், தலைப்பு வரிகளையும் சேர்த்து, ஒவ்வொன்றும் 52 வரி. ஆப்லாங்கஸில் அவை சரியான இடத்திலேயே இருக்கின்றன.

1850-ல் கார்ல் லாக்மன் என்ற ஜெர்மன் அறிஞர் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். இரண்டுக்கும் மூலமான சுவடியில் பக்கத்துக்கு 26 வரி, ஒரு தாளுக்கு 52. ஆப்லாங்கஸுக்காக நகலெடுத்த பிறகு நான்கு தாள்கள் கழன்று விழுந்திருக்கின்றன. யாரோ பொறுக்கிக் கடைசியில் செருகிவிட்டார். குவாட்ராட்டஸ் அதற்குப் பிந்திய நகல் வழி வந்தது. (பெர்னாய்ஸ் என்பவர் 1847-லேயே இந்தப் பிரதிகளின் உறவை வகுத்துக் காட்டிவிட்டார். பேர் வாங்கியது லாக்மன்.)

எனக்கு இதைவிடப் பிடித்த சான்று முதல் பாகத்தில் இருக்கிறது. ஆப்லாங்கஸில் 1068 முதல் 1075 வரை எட்டு வரிகளுக்கு வால் இல்லை. அங்கிருந்து சரியாக 26 வரி தள்ளி, 1094 முதல் 1101 வரை எட்டு வரிகள் அடியோடு இல்லை. மூலச்சுவடியில் தாளின் ஓரம் கிழிந்திருக்கிறது. முன்பக்கத்தில் எட்டு வரி அரைகுறையாகப் போச்சு, அதே இடத்தில் பின்பக்கத்தில் எட்டு வரி முழுசாகப் போச்சு. யாருமே கண்ணால் பார்க்காத ஒரு புத்தகத்தில் எந்தத் தாள் கிழிந்தது என்று சொல்ல முடிகிறது பாருங்கள்!

நேயருக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. அந்தப் பின்பக்கத்து எட்டு வரிகள் இத்தாலியப் பிரதிகள் ஒன்றில்கூடக் கிடையாது. அவையும் அதே கிழிந்த சுவடியின் வழிவந்தவைதான், எத்தனை இருந்தாலும் தனிச் சாட்சி ஆகாது. முன்பக்கத்து வால்களுக்குப் பல பதிப்புகளில் இன்று நீங்கள் படிப்பது 19-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர் மன்ரோ ஊகித்து நிரப்பியது.

ஆனால் இவ்வளவு சுத்தமாக எல்லா நூலிலும் கணக்கு வராது. எழுதுபவர் ஒரு பிரதியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றிலிருந்தும் பாடங்களை எடுத்துச் சேர்த்திருந்தால், எது எதன் வாரிசு என்று பிரிக்க முடியாமல் கலந்துவிடும். பிரதிகளின் வம்சாவளியை வகுக்கும் இந்த முறையை 1927-ல் இலக்கணம் போல எழுதிவைத்த பால் மாஸ் என்ற ஜெர்மன் அறிஞரே அந்த நோய்க்கு மருந்து இல்லை என்று கையை விரித்துவிட்டார். கிரேக்கத்தில் ஹோமருக்குப் போனால் நிலைமை அதுதான், அங்கே இப்படித் தாள் எண்ணிச் சொல்ல வழியில்லை.