அமெரிக்காவில் ஃபெடரல் வழக்கு: கதவு தட்டப்படுவதில் இருந்து தண்டனை வரை

[திரையில்: மன்ஹாட்டன் ஃபெடரல் நீதிமன்றம்]

வணக்கம். 2009 அக்டோபர் 16 காலை, நியூயார்க்கில் ராஜ் ராஜரத்தினத்தை எஃப்.பி.ஐ. கைது செய்தது. கொழும்பில் பிறந்த தமிழர், கேலியான் என்ற ஹெட்ஜ் ஃபண்டை, அதாவது பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிறுவனத்தை நடத்தியவர். நிறுவனங்களின் உள்ரகசியத்தை வைத்துப் பங்கு வாங்கி விற்றார் என்பது வழக்கு. அதே வழக்கில் சிக்கிய சிலர் சிறைக்கே போகவில்லை. அவருக்குக் கிடைத்ததோ 11 ஆண்டு. ஏன் இந்த வித்தியாசம்? இது புரிந்தால் அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலில், எது ஃபெடரல் வழக்கு, அதாவது மத்திய அரசு போடும் வழக்கு? அமெரிக்காவில் திருட்டு, அடிதடி, கொலை எல்லாம் பெரும்பாலும் மாநில அரசு பார்த்துக்கொள்ளும். மாநில எல்லையைத் தாண்டினாலோ, வங்கி, தபால், வரி, குடியேற்றம் போன்றவற்றைத் தொட்டாலோ ஃபெடரல் அரசு வரும். ஒரு மோசடிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் மாநிலம் விட்டு மாநிலம் போயிருந்தால்கூட, 'வயர் ஃபிராட்' என்று 20 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமாகிவிடும். ஒரே செயலுக்கு மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனியாக வழக்குப் போடலாம் என்பதை 2019இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிறைய பேர் வழக்கு கோர்ட்டில்தான் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும்.

[திரையில்: ஒரு வீட்டு வாசல், இரண்டு அதிகாரிகள்]

எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வழக்கமாக இரண்டு பேராக வருவார்கள். மரியாதையாகப் பேசுவார்கள். "சும்மா ரெண்டு கேள்விதான் சார், நீங்க சந்தேக நபர் இல்லை" என்பார்கள். நம் ஊர்ப் பழக்கம், வந்தவரை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்துப் பேசத் தோன்றும். பெரும்பாலும் அந்தப் பேச்சு ஒலிப்பதிவு ஆகாது. ஒருவர் கேட்பார், மற்றவர் குறிப்பெடுப்பார். பிறகு '302' என்ற படிவத்தில் நீங்கள் சொன்னதாக அவர்கள் எழுதுவதுதான் ஆவணம்.

அதில் தெரிந்தே சொன்ன பொய் ஒன்று இருந்தால் போதும். ஃபெடரல் அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் பொய் சொல்வதே தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. சத்தியம் செய்திருக்க வேண்டியதுகூட இல்லை. பிரபல அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலதிபர் மார்த்தா ஸ்டூவர்ட்டை நினைத்துப் பாருங்கள். இன்சைடர் டிரேடிங், அதாவது உள்ரகசியத்தை வைத்துப் பங்கு வியாபாரம் என்று அவர் மேல் கிரிமினல் வழக்கே கிடையாது. பங்கை ஏன் விற்றார் என்பதைப் பற்றி விசாரணையில் சொன்ன பொய்க்கும் விசாரணையைத் தடுத்ததற்கும்தான் 2004இல் ஐந்து மாதச் சிறை.

அதனால் வாசலில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை. உங்கள் கார்டைக் கொடுங்கள், அவர் கூப்பிடுவார்." இதை வாய் திறந்து சொல்ல வேண்டும். கைதாகாத நிலையில் சும்மா மௌனமாக நின்றால், அந்த மௌனத்தையே உங்களுக்கு எதிராகப் பேசலாம் என்று 2013இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. அப்புறம் இன்னொன்று: பயந்துபோய் வாட்ஸ்அப்பையோ மெயிலையோ அழிக்காதீர்கள். விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை தண்டனை. முதல் குற்றம் சின்னதாக இருந்திருக்கும், இது பெரிதாகிவிடும்.

அடுத்து கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு. 16 முதல் 23 பேர் வரை உட்கார்ந்திருப்பார்கள், 12 பேர் ஒப்புக்கொண்டால் குற்றப்பத்திரிகை. அங்கே வழக்கை எடுத்து வைப்பது அரசு வக்கீல் மட்டும்தான், உங்கள் வக்கீலுக்கு உள்ளே இடமில்லை. சில சமயம் அதற்கு முன்பே 'டார்கெட் லெட்டர்', அதாவது விசாரணையின் இலக்கு நீங்கள்தான் என்று சொல்லும் கடிதம் வரும். வந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். வழக்குப் பதிவாவதற்கு முன்பு பேசித் தீர்க்கக்கூடிய வாய்ப்பு, பதிவான பிறகு வெகுவாகக் குறைந்துவிடும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசுச் செலவில் வாதாடும் வக்கீல் உண்டு. இலவசம் என்பதால் தரம் குறைவு என்று எண்ண வேண்டாம். நாள் முழுக்க ஃபெடரல் வழக்கு மட்டுமே பார்ப்பவர்கள், அந்தக் கோர்ட்டின் நீதிபதிகளை நன்றாக அறிந்தவர்கள்.

கைதான பிறகு முதல் போராட்டம் ஜாமீன். ஓடிவிடுவாரா, பிறருக்கு ஆபத்தா என்ற இரண்டைத்தான் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பார். வெளிநாட்டில் குடும்பமும் சொத்தும் இருந்தால் அரசு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். ராஜரத்தினத்துக்கு நிர்ணயித்த ஜாமீன் தொகை 10 கோடி டாலர்.

[திரையில்: தொலைபேசி அலைவரிசைப் படம்]

இனி கேலியான் வழக்கையே எடுத்துக்கொள்வோம். அரசின் பலம் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள். பங்குச் சந்தை வழக்கில் அப்படிச் செய்தது அன்றைக்குப் பெரிய புதுமை. ராஜரத்தினத்தின் வக்கீல்கள் முதலில் அந்தப் பதிவுகளையே ஒதுக்கக் கேட்டார்கள். வழக்கை எதிர்கொள்ள இதுதான் முதல் வழி: சாட்சியம் சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று தாக்குவது. ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கும்போது, பங்குச் சந்தை ஆணையம் அதே விஷயத்தை ஏற்கெனவே விசாரித்துவந்ததை அரசு சொல்லாமல் விட்டிருந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி ஹோல்வெல் அதைக் கண்டித்தார். ஆனால் பதிவுகளை அனுமதித்துவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2013இல் அதையே உறுதி செய்தது.

இரண்டாவது வழி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் கோர்ட்டில் ஜூரி முன் விசாரணைக்குப் போவது. ராஜரத்தினம் போனார். 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டிலும் குற்றவாளி. அவருக்கு ரகசியம் சொன்னதாக வழக்குக்கு ஆளான, கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் இயக்குநராக இருந்த ரஜத் குப்தாவும் அடுத்த ஆண்டு விசாரணையைச் சந்தித்தார், இரண்டு ஆண்டு சிறை.

மூன்றாவது வழி, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைப்பது. மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தின் அனில் குமாரும் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெலின் ராஜீவ் கோயலும் அதைச் செய்தார்கள், ராஜரத்தினத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். இருவருக்கும் சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும்.

அப்படியானால் ஒத்துழைப்பதுதான் சரியா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், நண்பரைப் பற்றியும். பாதி மறைத்தால் ஒப்பந்தம் போய்விடும், ஒப்புக்கொண்டது மட்டும் நிற்கும். உண்மையிலேயே குற்றம் செய்யாதவருக்கு அது வழியே அல்ல. ஆனால் ஃபெடரல் வழக்குகளில் பத்தில் ஒன்பது ஒப்புதலில்தான் முடிகின்றன என்பதும் உண்மை. தோற்றால் வரும் தண்டனையின் கனம் அப்படி.

அந்தக் கனத்தை ஓர் அட்டவணை முடிவு செய்கிறது: ஒரு பக்கம் 43 குற்ற நிலைகள், மறுபக்கம் முன்பு செய்த குற்றங்களின் 6 பிரிவுகள். பண மோசடியில் இழப்புத் தொகை ஏற ஏற நிலையும் ஏறும். 2005இல் இருந்து அது வெறும் வழிகாட்டி, நீதிபதி குறைக்கலாம். ராஜரத்தினத்துக்கு அரசு கேட்டது 19 ஆண்டுக்கும் மேல். அவருடைய உடல்நிலையையும் தானதருமத்தையும் பார்த்து 11 கொடுத்தார் ஹோல்வெல். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் குறையும்.

குடியுரிமை இல்லாத நம்மவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எச்-1பி வேலை விசாவோ, நிரந்தரக் குடியிருப்புக்கான கிரீன் கார்டோ வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், சிறை இல்லாத ஒப்புதல்கூட நாடுகடத்தலில் முடியலாம். மோசடியில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டினால் அது குடியேற்றச் சட்டத்தில் கடுங்குற்றம். இதை வக்கீல் உங்களுக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் பாடில்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், கிரிமினல் வக்கீலும் குடியேற்ற வக்கீலும் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தாளைப் படிக்கச் சொல்லுங்கள். இழப்புத் தொகை என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே கேளுங்கள்.