செய்த வேலை எங்கே போகிறது?

வணக்கம். வேலையில் மனநிறைவு பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டால் எல்லாரும் சொல்வது சம்பளம், நல்ல பாஸ், வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ். மூன்றும் இருந்தும் நம் சிங்கப்பூரில் திங்கட்கிழமை எம்ஆர்டி ரயிலில் முகம் வாடி நிற்கிறவர்கள் எத்தனை பேர்!

மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் டான் ஏரியலியும் இன்னும் இருவரும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லெகோ பொம்மை பூட்டிக் கொடுத்தால் காசு. ஆனால் அடுத்தடுத்த பொம்மைக்குக் காசு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், போதும் என்று தோன்றினால் எழுந்து போகலாம். ஒரு பிரிவினர் செய்து முடித்தவை மேசைமேல் வரிசையாக நின்றன. இன்னொரு பிரிவினருக்கோ, அவர்கள் அடுத்ததைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே முந்தையதைக் கண்ணெதிரே கழற்றிப் போட்டார்கள். அதே வேலை, அதே காசு. முதல் பிரிவு சராசரியாக 10.6 பொம்மை செய்தது, இரண்டாவது 7.2-லேயே கையை உதறிவிட்டது.

ஆபீசில் இது நமக்குப் பழக்கம்தானே? ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து ஸ்லைடு தயாரித்திருப்போம், காலையில் மீட்டிங்கே ரத்து, ஏன் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. களைப்பைவிட அதுதான் ஆளைச் சாய்க்கிறது என்பேன்.

அப்புறம் உளவியல் அறிஞர் ஆடம் கிராண்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுப் போன் செய்கிறவர்களை, அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்தே நிமிடம் பேசவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், போனில் செலவிட்ட நேரமும் வசூலும் இரண்டு மடங்குக்கு மேல்.

இதைக் கேட்டுவிட்டு எந்த முதலாளியும் சம்பளத்துக்குப் பதில் மாணவரை அழைத்து வரவேண்டாம். இங்கே துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014-ல் கட்டாயமானது. அதற்கு முன்னும் அவர்களுக்குப் பாராட்டு கிடைத்திருக்கும், பாராட்டை வைத்து ஈரச்சந்தையில் மீன் வாங்க முடியாது.

ஆனால் கட்டுமானத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளைக் கட்டுகிற அண்ணன் தம்பிகள், சாவி கொடுக்கும் நேரத்தில் வேறு சைட்டில் இருப்பார்கள். யார் குடிவந்தார்கள் என்று தெரியாது. ஆனாலும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால், ஊரில் இருக்கும் பிள்ளைக்கு வீடியோ காலில் "அந்த பிளாக் அப்பா கட்டினது" என்று காட்டுவார்கள். புது பிளாக்கில் குடிவருகிறவர்களும் கட்டியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் சேர்ந்து தேநீர் குடிக்க ஏற்பாடு செய்தால் என்ன? பெரிய செலவில்லை, நாலு மேசையும் கொஞ்சம் பலகாரமும் போதும்.