முதல் பக்கத்தில் ஒரு சொல்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு இப்போது நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எதிரணியினரே, வானத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'டா வின்சி கோட்' நாவல் வாசகரைத் தேடவைத்ததா, மயக்கிவிட்டதா? இதுதான் தலைப்பு. நான் மயக்கிவிட்டது என்ற அணி. புத்தகம் படிக்காதவர்களுக்காகக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கொலை. துப்புத் துலக்கிக்கொண்டே போனால், இயேசு மகதலா மரியாளை மணந்தார், அந்த வம்சம் இன்றைக்கும் இருக்கிறது, திருச்சபை அதை மறைத்துவிட்டது, ஒரு ரகசியச் சங்கம் அதைப் பாதுகாக்கிறது என்று போய் முடிகிறது. டான் பிரௌன் எழுதி 2003இல் வந்தது.

எதிரணித் தலைவி பேராசிரியர் அம்மா, "இவர்கள் தடைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார்கள்" என்றார்கள். இல்லை அம்மா. 2006இல் இந்தக் கதை படமாக வந்தபோது தமிழக அரசு தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்தத் தடையை ரத்து செய்தார். சரியான தீர்ப்பு. சொல்லப்போனால் தடையால் லாபம் பார்த்தவன் நான். அப்போது திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை நூல் நிலையம் வைத்திருந்தேன். இருந்தது ஒரே பிரதி. தடைச் செய்தி பேப்பரில் வந்த மறுநாளே ஏழு பேர் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் மூன்று பேர் அதற்கு முன் வார இதழ் தாண்டி எதையும் எடுத்ததில்லை.

அந்தப் பிரதியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். அட்டை போய்விட்டது, மன்னிக்கவும்.

இதைப் படித்தவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் முதுநகரிலிருந்து வரும் ஒரு டீச்சர், கத்தோலிக்கர். படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் நாலே நாளில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "விறுவிறுப்பா இருக்குங்க. ஆனா எங்க அருளப்பரைப் பொம்பளை ஆக்கிட்டாரு" என்று சிரித்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில், இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவுப் படம் மாட்டியிருக்கிறார். இயேசுவின் வலப்பக்கம் மீசை முளைக்காத பிள்ளையாக உட்கார்ந்திருப்பவர் அருளப்பர், அதாவது யோவான். சீடர்களில் இளையவர் என்பதால் அவரை அப்படி வரைவது இத்தாலிய ஓவியர்களின் வழக்கம். அந்தப் படத்தை வரைந்த லியனார்டோ டா வின்சியும் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றினார். நாவலோ அவரை மகதலா மரியாள் என்கிறது. டீச்சருக்கு நாவல் மேல் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் மேல்தான் கோபம். விவிலியத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்கள் அந்தப் படத்தின் முன் நின்று, "டீச்சர், அது மேரிதானே? உங்களுக்கே தெரியாதா?" என்று அவருக்குப் பாடம் நடத்தினார்களாம்.

இன்னொருவன் இன்ஜினியரிங் படித்த பையன். கிறிஸ்தவன் இல்லை. எல்லா மதத்தையும் கிண்டல் செய்கிற வயது. மூன்று மாதம் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "அங்கிள், 325இல் நைசியாவில் ஓட்டுப் போட்டுத்தான் இயேசுவைக் கடவுள் ஆக்கினாங்க. கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான்" என்பான். நைசியா என்பது ஆயர்கள் கூடி மாநாடு நடத்திய ஊர், நாவலில் அப்படித்தான் வருகிறது. நானும் நம்பினேன். வாங்க வருகிற ஆளுக்கெல்லாம் சொல்லவும் செய்தேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு. இயேசுவைக் கடவுளென்று வணங்கியவர்கள் நைசியாவுக்கு இருநூறு வருஷம் முன்பே இருந்தார்கள். ஆரியுஸ் என்ற குரு, மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவர் என்றார். அதை ஏற்பதா என்பதுதான் அங்கே சண்டை. அந்த மாநாட்டின் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். நம்ம ஊர் கவுன்சிலர் தேர்தலில்கூட இப்படி ஒரு வித்தியாசம் வராது.

சரி, கதையில் ஆயிரம் இருக்கும், கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. சிங்கம் பேசுகிற கதையைப் படித்துவிட்டு யாரும் மிருகக்காட்சிசாலையில் போய்ச் சிங்கத்திடம் பேச்சுக் கொடுப்பதில்லை. ஆனால் இந்தப் பிரதியின் தொடக்கத்தில், கதை ஆரம்பிக்கும் முன்னால், தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. தலைப்பு 'உண்மை'. சீயோன் மடம் என்ற ரகசியச் சங்கம் 1099இல் தொடங்கிய நிஜமான அமைப்பு, இந்த நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், ரகசியச் சடங்குகள் பற்றிய விவரிப்பெல்லாம் துல்லியமானவை என்று அங்கே போட்டிருக்கிறது. இதைச் சொல்வது கதாபாத்திரம் இல்லை, நடுவர் அவர்களே. கதைக்கு வெளியே நின்றுகொண்டு ஆசிரியர் சொல்கிறார்.

அந்தச் சங்கத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் அதைப் பதிவு செய்தார், நம் நகரில் குடியிருப்போர் நலச்சங்கம் பதிவு செய்கிற மாதிரி. அது நடத்திய சிற்றிதழில் பேசியது குறைந்த வாடகை வீட்டுப் பிரச்சினை! பிற்பாடு பழைய ஆவணம் மாதிரி காகிதங்கள் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்த்துவிட்டார்கள். அதைத்தான் 'கண்டுபிடிக்கப்பட்ட ஆவணம்' என்று அந்த உண்மைப் பக்கம் காட்டுகிறது. லூவர் பிரமிடில் 666 கண்ணாடி என்று கதை சொல்கிறது. இருப்பது 673. இது சின்ன விஷயம், விட்டுவிடலாம். எண்ணிப் பார்க்கப் போனவர்களின் கழுத்து வலிக்காக மட்டும் வருந்துகிறேன்.

இந்த நாவலால்தானே பாரிஸில் சேன் சுல்பீஸ் என்ற கிறிஸ்தவக் கோயிலுக்குக் கூட்டம் கூடியது, அது தேடல் இல்லையா என்றார் எதிரணித் தம்பி. கூட்டம் கூடியது, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் கோயில்காரர்களே அறிவிப்பு எழுதி வைத்தார்கள்: சமீபத்தில் அதிகம் விற்ற ஒரு நாவலில் வந்திருப்பதற்கு மாறாக, இங்கே தரையில் ஓடும் பித்தளைக் கோடு கிறிஸ்தவத்துக்கு முந்தைய எந்தக் கோயிலின் மிச்சமும் இல்லை என்று. அது சூரிய ஒளி விழும் இடத்தை வைத்து ஈஸ்டர் நாளைக் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் போட்ட கோடு. எவ்வளவு அழகான சமாச்சாரம்! அதைப் பார்க்கவா போனார்கள்? விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவனைத் தேடுகிறவன் என்று எப்படிச் சொல்வது, தம்பி?

அப்புறம் அருட்பா. பேராசிரியர் அம்மா எடுத்துப் போட்ட பெரிய துருப்பு அதுதான். "வள்ளலார் பாட்டையும் எதிர்த்தார்கள், அருட்பா நிற்கிறது, எதிர்த்தவர்கள் எங்கே?" என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். கடலூரில் வள்ளலார் பேரைச் சொன்னால் நானும் தட்டுவேன், தட்டினேன். ஆனால் அந்தச் சண்டை எதில் ஆரம்பித்தது? 1867இல் சீடர்கள் புத்தகம் போட்டபோது 'திருவருட்பா' என்றும் 'திருமுறை' என்றும் பெயர் வைத்தார்கள். பன்னிரு திருமுறைக்கு உரிய பெயரை இதற்கு எப்படி வைக்கலாம் என்று ஆறுமுக நாவலர் கேட்டார். அட்டையில் எழுதியிருக்கிற சொல் எவ்வளவு கனமானது என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தகராறு 1869இல் இதே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் வந்தது. அருட்பா என்ற பெயர் பொருந்துமா என்பதைப் பாட்டைப் படித்துப் பார்த்தே யாரும் முடிவு செய்துகொள்ளலாம், பாட்டு கையிலேயே இருக்கிறது. பாரிஸ் நூலகத்துக் காகிதத்தைத் திருப்பாதிரிப்புலியூர் பையன் எங்கே போய்ப் புரட்டுவான்? நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தேடினால் வந்ததில் பாதி அந்த நாவலைப் புகழ்ந்து எழுதியது.

இன்னொரு வேடிக்கை. 1982இல் இதே விஷயத்தைச் சரித்திரம் என்று சொல்லி எழுதிய மூவரில் இருவர், எங்கள் கருத்தை டான் பிரௌன் திருடிவிட்டார் என்று லண்டனில் அவருடைய பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2006இல் தோற்றார்கள். நடந்த சரித்திரம் என்றால் அது யாருடைய சொத்து? அந்தத் தீர்ப்புக்குள் நீதிபதியே ஒரு ரகசிய எழுத்துப் புதிரை ஒளித்து வைத்தார் என்பது தனிக்கதை. நடுவர் அவர்கள் இன்று அப்படி எதுவும் செய்துவிட வேண்டாம்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம்.

அந்தப் பையன் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் வந்தான். நைசியா விஷயத்தை யாரோ அலுவலகத்தில் அவனுக்குப் புட்டுப்புட்டு வைத்துவிட்டார்களாம். பத்துப் பேர் முன்னால் அசடு வழிந்துவிட்டு வந்திருக்கிறான். இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முதல் பக்கத்தைத் திறந்து காட்டி, "அங்கிள், இதுல உண்மைன்னு போட்டிருந்தாங்களே?" என்றான். கோபம்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. டீச்சருடைய நம்பிக்கை சாப்பாட்டு அறைச் சுவரில் ஆணி அடித்த மாதிரி அப்படியே இருந்தது. இவனுக்குத்தான் அடி. அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், "இது நெசமா, கதையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். பார்த்தீர்களா தேடல் என்று எதிரணி கைதட்டலாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாததற்குப் பெயர் தேடலா?

அன்றைக்கு அவன் என் பென்சிலை வாங்கி, 'உண்மை' என்ற தலைப்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். இதோ இருக்கிறது. நடுவர் அவர்களிடம் கொடுக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா, ஒரே பிரதி.