இரண்டு பக்கமும் அதே 61.2

அனைவருக்கும் வணக்கம். டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சிறுநீரகம் கெடுவதன் அடையாளமாகச் சிறுநீரில் புரதம் போகிறது என்று ரிப்போர்ட் வந்தால், டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதுகிறார். "பிரஷரே இல்லையே, இது எதற்கு?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 1993-இல் அமெரிக்காவில் கிடைத்தது.

கேப்டோபிரில் என்று ஒரு பிரஷர் மாத்திரை. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராயப்போய்ப் பிறந்தது. எட்மண்ட் லூயிஸ் தலைமையில் மருத்துவர்கள் 409 டைப் 1 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் சிறுநீரில் நாளுக்கு அரை கிராமாவது புரதம் போய்க்கொண்டிருந்தது. 207 பேருக்கு கேப்டோபிரில், 25 மில்லிகிராம், மூன்று வேளை. 202 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வெற்று மாத்திரைக்காரர்களை அப்படியே விட்டுவிடவில்லை. வேறு மருந்து கொடுத்து அவர்கள் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தார்கள். அப்படியும் வித்தியாசம் வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் இரட்டிப்பானவர்கள் வெற்று மாத்திரைப் பக்கம் 43 பேர், கேப்டோபிரில் பக்கம் 25. இறந்தவர்கள், டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போனவர்கள் என்று சேர்த்துப் பார்த்தால், வெற்று மாத்திரைப் பக்கம் 42 பேர், கேப்டோபிரில் பக்கம் 23. பிரஷர் குறைந்ததால் மட்டும் வந்த நன்மை இல்லை இது. சிறுநீரக வடிகட்டிக்குள்ளேயே இருக்கிற அழுத்தத்தை இந்த மருந்து இறக்குகிறது. இன்று உங்கள் சீட்டில் இருக்கும் ராமிப்ரிலும் எனாலபிரிலும் இதே குடும்பம்தான்.

இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. யூரிக் அமிலம் கூடியவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெடுவதைப் பலர் கவனித்திருந்தார்கள். அதைக் குறைக்க அலோபுரினால் என்ற பழைய, மலிவான மாத்திரை இருக்கிறது. பலித்தால் எத்தனை ஏழைக் குடும்பங்கள் பிழைக்கும்! அமெரிக்கா, கனடா, டென்மார்க்கில் 530 டைப் 1 நோயாளிகள் மூன்று வருஷம் ஒத்துழைத்தார்கள். வெறும் கிரியேட்டினினை நம்பவில்லை. அயோஹெக்சால் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி, மணிக்கணக்கில் உட்காரவைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று அளந்தார்கள்.

யூரிக் அமிலம் 6.1-லிருந்து 3.9-க்கு இறங்கியது. மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. கடைசியில் இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு வடிகட்டும் திறனை அளந்தார்கள். அலோபுரினால் எடுத்தவர்களுக்கு நிமிடத்துக்கு 61.2 மில்லிலிட்டர். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 61.2. 2020-இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

ஆகவே, கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) போன்ற வேறு காரணம் இல்லாமல், சிறுநீரகத்தைக் காப்பாற்ற என்று மட்டும் யாராவது உங்கள் பிள்ளைக்கு அலோபுரினால் எழுதினால், அப்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "இது எதற்கு, டாக்டர்?"