பிரஷர் மாத்திரையோடு வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள்?

வணக்கம் நேயர்களே. மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் 'ஒன்றும் இல்லை சார்' என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் சளிக்கு அதிமதுரப் பொடி, தண்ணீரில் போட்டால் நுரைக்கிற வைட்டமின் சி மாத்திரை, சாதாரண உப்புக்குப் பதிலாக ஏதோ ஒரு உப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் காலம்காலமாக நடப்பதுதான், அதைப் பற்றி நான் பேசவில்லை. நல்லதுதானே என்று தினமும் பொடியைத் தேனில் குழைத்து வாரக்கணக்கில் சாப்பிடுகிறார்களே, சிக்கல் அங்கேதான். அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்கிற நொதியைத் தடுத்துவிடும். அப்புறம் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிரஷர் ஏறும், கால் வீங்கும், சிலருக்கு இதயத்துடிப்பே தாறுமாறாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் விதியே கொண்டுவந்தது: கிளைசிரைசின் அதிகமுள்ள மிட்டாய் உறையில், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் சாப்பிடக் கூடாது என்று அச்சிட வேண்டும்.

நுரைக்கிற மாத்திரையில் வைட்டமினைவிட அந்த நுரையைத்தான் கவனிக்க வேண்டும். நுரை வருவதற்குப் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் சேர்க்கிறார்கள், சிலவற்றில் ஒரே மாத்திரையில் சில நூறு மில்லிகிராம் சோடியம் இருக்கும். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரஞ்சுச் சுவையில் உப்பு நாக்குக்கே தெரியாது, டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு.

பூண்டு மாத்திரையும் மீன் எண்ணெயும் பிரஷரைக் கொஞ்சம் குறைக்கலாம், உண்மைதான். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

மாற்று உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பலருக்கு அது நல்லதே செய்யும், பிரஷர் குறையும். ஆனால் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் இதயம் நின்றுபோகிற அளவுக்குக்கூடப் போகலாம். அதனால் அந்தப் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், பொட்டாசியத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா என்றும் கேட்டுவிடுங்கள்.