தைப்பனியும் பள்ளி மணியும்

(கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம் தொடங்கும் ஞாயிறன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பங்குப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, மதிப்பிற்குரிய திருத்தொண்டர் அவர்களே, உறைந்த சாலையில் ரோச்செஸ்டரிலிருந்தும் செயின்ட் கிளவுடிலிருந்தும் வண்டி ஓட்டி வந்திருக்கும் அன்பர்களே, இந்தக் கீழ்த்தளச் சமையலறையில் காலை முதல் நின்று, புகைமணி அலறியபோதும் கரண்டியைக் கீழே வைக்காமல் பானையைப் பொங்க வைத்த தாய்மார்களே, பாடற்குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைமையாசிரியை அம்மையார் தமிழ் அறியாதவர். ஆயினும் சபையினர் சிரிக்கும் இடங்களிலெல்லாம் தாமும் சிரிப்பதாக வாக்களித்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டுப் பழகிய தமிழர்கள் அந்த அளவுக்குக்கூட வாக்களிப்பதில்லை என்பதால் அவருக்குத் தனி வணக்கம். கூட்டத் தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். மேடை நிமிடத்துக்கு எத்தனை நொடி என்று அவர் குறிப்பிடாமல் விட்டதற்கு அவருக்கும் நன்றி.

1974 முதல் அமெரிக்கா முழுவதும் சனவரியின் கடைசி ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் கத்தோலிக்கப் பள்ளிகள் வாரமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டி, குளிர்காலத்தில் நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் தொடக்கப்பள்ளியின் ஒரு வாரம் எப்படி நகர்கிறது என்பதை, வழிபாடு, படிப்பு, சாப்பாடு, கட்டணம் என நான்கு தலைப்புகளில் பேசுவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பழமொழி. அதைச் சொன்னவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு விடியலில் வயலுக்குப் போனவர்கள். மிசிசிப்பி ஆறு உறைந்து கிடப்பதைக் கண்டவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் போட்ட மாதக் கணக்கு இங்கேயும் பிசகவில்லை. இந்த மாநிலத்தில் குளிர் உச்சத்தைத் தொடுவது தையை ஒட்டித்தான். 2014 சனவரி 6 அன்று, குளிரின் கடுமையை முன்னிட்டு மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடும்படி ஆளுநரே ஆணையிட்டார். 2019 சனவரி 30 அன்று மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இந்த இரட்டை நகரங்களில் வெப்பநிலை பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 28 பாகைக்கு இறங்கியது. நமக்குப் பழகிய செல்சியசில் அது மைனஸ் 33. அதுவும் காற்றின் கடுமையைச் சேர்க்காத கணக்கு.

இந்தக் குளிரில் பள்ளி நடத்துவது நேற்றுத் தொடங்கிய காரியம் அன்று. கரோன்டலெட் புனித சூசையப்பர் சபையைச் சேர்ந்த நான்கு துறவறச் சகோதரிகள் 1851 நவம்பரில் ஆற்றுவழியாகப் படகில் இந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். நவம்பரில் என்பதைக் கவனியுங்கள். ஆறு உறைந்துவிட்டால் திரும்பிப் போகப் படகும் கிடையாது. வந்த வேகத்திலேயே, மரக்கட்டைகளால் கட்டிய பழைய சிற்றாலயத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் தொடங்கினார்கள். 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் சங்கம், ஒவ்வொரு பங்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் தனக்கென ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று விதித்தது. இதே செயின்ட் பாலின் பேராயர் ஜான் அயர்லாந்து, 1891-இல் பாரிபோ, ஸ்டில்வாட்டர் ஊர்களின் பங்குப் பள்ளிகளை அரசுக் கல்வி வாரியத்தின் பொறுப்பில் விட்டுப் பார்த்தார். அந்த வழக்கு ரோமாபுரி வரை போன கதை தனிக் கூட்டத்துக்கு உரியது, அழைத்தால் வருகிறேன்.

1960-களின் நடுவில் இந்த நாட்டின் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். இன்று ஏறத்தாழ 17 இலட்சம். பெயருக்கு ஏதோ ஊதியம் பெற்றுக்கொண்டு கற்பித்த கன்னியர் கூட்டம் குறைந்து, குடும்பம் நடத்தும் ஆசிரியர்கள் அந்த இடத்துக்கு வந்தபோது செலவு கூடியது; செலவோடு கட்டணமும் கூடியது. என் நான்காம் தலைப்பு அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அதைப் பேசத் தொடங்கினால் பொங்கல் ஆறிவிடும். அம்மையாரின் அலுவலகம் நாளை காலை திறந்தே இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளியின் வாரம் திங்கள் காலை ஒலிபெருக்கியில் விடிகிறது. சிலுவை அடையாளம், செபம், நாட்டுக்கொடி உறுதிமொழி, அன்றைய புனிதர், பிறந்தநாள் காணும் பிள்ளைகள், கடைசியாக மதிய உணவு. எந்தக் குளிரிலும் இந்த வரிசை மாறுவதில்லை. பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பது கடைசி அறிவிப்பை மட்டுமே என்பதும் மாறுவதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிகிற சமயத்தில், எம்மிட்ஸ்பர்க்கில் பள்ளி தொடங்கிய புனித எலிசபெத் ஆன் சீட்டனின் திருநாள் சனவரி 4-இலும், பிலடெல்பியாவில் பங்குப் பள்ளிகளைப் பெருக்கிய ஆயர் புனித ஜான் நியூமனின் திருநாள் 5-இலும் வந்து நிற்கின்றன. பள்ளி திறக்கும் தேதியைக் கேட்டுக்கொண்டுதான் இருவரும் விண்ணகம் சென்றார்களோ என்று எனக்கு ஐயம் உண்டு. புதன்கிழமை பள்ளித் திருப்பலியில் எட்டாம் வகுப்பு மாணவன் கிண்டர்கார்டன் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்து தன் பக்கத்தில் அமர்த்திக்கொள்கிறான். தவக்காலம் வந்தால் இறைச்சி தவிர்க்கும் வெள்ளி மதியம் சீஸ் பீட்சா. மாலையில் இதே கூடத்தில் மீன் வறுவல் விருந்து. அந்த விருந்தில் ஒரு வெள்ளியாவது நம் மீன்குழம்பு இடம்பெற வேண்டும் என்ற என் பழைய கோரிக்கையைப் பங்குத்தந்தை முன்னிலையில் மீண்டும் பதிவு செய்கிறேன். சாப்பாடு என்ற தலைப்பில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023-இல் இந்த மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவும் மதிய உணவும் இலவசம் என்று சட்டம் இயற்றியபோது, காமராசரின் ஊரிலிருந்து வந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாரமடல் வருகிறது. இந்த வாரத்து மடலில், இரவு உடையோடு பள்ளிக்கு வரும் நாள் எது, ஆசிரியர்களும் எட்டாம் வகுப்பும் மோதும் கைப்பந்து ஆட்டம் எப்போது, தாத்தா பாட்டிகள் தினத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்பனவெல்லாம் இருக்கின்றன. பெற்றோர்கள் அதைக் கைப்பேசியில் திறந்து, விரலால் ஒரு தள்ளுத் தள்ளி மூடிவிடுகிறீர்கள். நான் தாத்தா, எனக்கு நேரம் இருக்கிறது, முழுவதும் படிக்கிறேன். படித்ததில் இரண்டு அறிவிப்புகள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று: வெளியே விளையாடப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸ்நோ பேண்ட் (உடைக்கு மேலே போடும், பனியில் நனையாத காற்சட்டை), பூட்ஸ், தொப்பி, கையுறை கட்டாயம். மற்றொன்று: தொலைந்த பொருள் மேசையில் கிடப்பவற்றை மாதக் கடைசிக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் அவை தருமத்துக்கு அனுப்பப்படும். இரண்டுக்கும் நடுவே நான்கு வரிதான் இடைவெளி.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஓர் ஆச்சி, கிண்டர்கார்டன் படிக்கும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். பெட்டியில் கருப்பட்டி, முறுக்கு, சுக்குப்பொடி, அவற்றுக்கு மேலே ஒரு மங்கி குல்லாய். பிப்ரவரி 3 புனித பிளேஸ் திருநாள். தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றியவர் என்பது அவரைப் பற்றிய மரபு. அதனால் அன்று குருவானவர் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டி, வருகிறவர்களின் தொண்டையில் வைத்து ஆசி வழங்குவார். பள்ளியில் தொண்டைக்கு மந்திரிக்கிறார்கள் என்ற அளவில் செய்தி ஆச்சியின் காதுக்கு எட்டியது. மந்திரிக்கிற அளவுக்குத் தொண்டைக்குக் கேடு வரும் ஊரா இது என்று கலங்கியவர், பேத்திக்கு உள்ளே ஒரு பனியன், அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று மஃப்ளர், எல்லாவற்றுக்கும் மேலே மோவாய் வரை இறங்கும் மங்கி குல்லாய் என்று கட்டி முடித்து, “ஆச்சி வந்து கழத்துற வரைக்கும் கழத்தப்படாது” என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

பிள்ளை சொன்ன சொல் தவறாதவள். ஆசிரியை கெஞ்சினார், எட்டாம் வகுப்புத் துணைவன் கெஞ்சினான், குல்லாய் அசையவில்லை. வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. அன்று திருப்பலி நிறைவேற்றிய விருந்தினர் குரு நம் ஊர்க்காரர். மெழுகுவர்த்தியோடு குனிந்தவருக்குத் தெரிந்தவை கம்பளிக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டுமே. அதுவரை ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆசியை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டார்: “தொண்டை எங்க இருக்கு தாயி?” கோயில் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது: “உள்ள இருக்கு ஃபாதர்!” அவர் மெழுகுவர்த்தியை மஃப்ளரின்மேல் வைத்து ஆசி கொடுத்து அனுப்பினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், அம்மையாரும் சிரிக்கிறார், வாக்குத் தவறாதவர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதிய இடைவேளையில் பிள்ளைகள் பனிமேட்டில் சறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் குழந்தை மட்டும் சுவரோரம், பனி வழித்த தார்த்தரையில் நின்றிருந்தாள். ஸ்நோ பேண்டும் பூட்ஸும் இல்லாதவர்கள் தார்த்தரையை விட்டு இறங்கக் கூடாது என்பது பள்ளிகளில் உள்ள விதி. இடுப்புக்கு மேலே அத்தனை கம்பளி; இடுப்புக்குக் கீழே சீருடைப் பாவாடை, ஒரு மெல்லிய காலுறை, கான்வாஸ் செருப்பு. அன்று மாலை பையில் வந்த சீட்டை மருமகள் படித்துக் காட்டியபோது, “காதை மூடினாப் போதாதா?” என்று ஆச்சி கேட்டாராம்.

நம்மில் பெரும்பாலோர் இன்றும் அந்த ஆச்சியின் கட்சிதான். குளிர் காது வழியாக ஏறுகிறது என்றே வளர்ந்தோம். ஆனால் நம் முன்னோர் என்ன சொன்னார்கள்? தைப்பனி தரையைத் துளைக்கும் என்றார்கள். தலையைத் துளைக்கும் என்று சொல்லவில்லை. தரையில் நிற்பது கால். ஈரக்காலோடு வகுப்புக்குத் திரும்பிய ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் எங்கே ஏறும்? படிப்பு என்ற என் இரண்டாம் தலைப்பை இந்தக் கேள்வியோடு முடித்துக்கொள்கிறேன்.

தொலைந்த பொருள் மேசையை இன்று காலை திருப்பலிக்குப் பின் போய்ப் பார்த்தேன். முழங்காலில் ஒட்டுப் போட்ட ஸ்நோ பேண்ட் ஒன்று. அதன் பட்டியில் ஒரு பெயர் எழுதி அடித்து, இன்னொரு பெயர் எழுதி அதையும் அடித்து, மூன்றாவதாக ஒரு பெயர். மூன்று பிள்ளைகள் போட்டு வளர்ந்தும் கிழியாத துணி. அதன் அருகே நல்ல நிலையில் இருந்த பூட்ஸ், பாதி சாக்லேட் ஒட்டிய தொப்பி, பிறகு கையுறைகள். ஒற்றை ஒற்றையாக, இடது கைக்கு மட்டும் ஒரு தனிக் குவியல் சேர்க்கும் அளவுக்குக் கையுறைகள். மாதம் முடிந்தால் இவை மூட்டையாகக் கட்டி ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்குப் போகும். தருமத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கூரைக்குக் கீழேயே தார்த்தரையில் நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கும்போது மூட்டை ஏன் வாசல் தாண்ட வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. பள்ளியின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அலமாரி. சிறுத்துப்போன ஸ்நோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் அங்கே வரட்டும். தேவைப்படுகிற பிள்ளை அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும். பதிவேடு வேண்டாம், கையொப்பம் வேண்டாம், யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். முதல் ஆண்டு வந்து இறங்கும் நம் குடும்பங்களுக்கு மட்டுமன்று; பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களுக்கும், மெக்சிகோவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதே தைப்பனிதான், இதே மாசிப்பனிதான். வசதி உள்ளவர்களின் பிள்ளைகளும் அதிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எல்லோரும் எடுத்தால்தான் எடுக்கிற பிள்ளையின் முகம் வாடாது.

பாதி மேலாடையை வெட்டிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்த புனித மார்ட்டினை இந்தப் பள்ளி ஒவ்வொரு நவம்பரிலும் கொண்டாடுகிறது. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் இரண்டாயிரம் ஆண்டாகக் கொண்டாடுகிறோம். மயிலுக்கு அது தேவைப்பட்டதா என்பதில் புலவர்களுக்கு ஐயம் இருக்கலாம். கிண்டர்கார்டன் பிள்ளைக்கு ஸ்நோ பேண்ட் தேவை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

அலமாரிக்கு இடம் தர அம்மையார் இசைந்துவிட்டார். என் பேச்சுக்கு முன்பே இசைந்தார் என்பதை நேர்மையின் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன். செய்ய வேண்டியவை சிலவே. துவைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். பழைய பெயரை அடித்துவிட்டு அளவை மட்டும் பட்டியில் எழுதுங்கள். பூட்ஸ் இரண்டையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் கம்பளி உறையை வெளியே எடுத்து உலர்த்தியபின் கட்டுங்கள். புதன் திருப்பலிக்குப் பிறகு அடுக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்கும் தாள் பொங்கல் பரிமாறும் மேசையிலேயே இருக்கிறது, பேனாவையும் கட்டி வைத்திருக்கிறேன். ஒற்றைக் கையுறைகளை மட்டும் தயவு செய்து கொண்டு வர வேண்டாம். இருக்கிற குவியலுக்கே இன்னும் சோடி கிடைக்கவில்லை. நன்றி, வணக்கம்.