டிராகுலா உண்மையிலேயே செத்தானா?

வணக்கம். போன காணொளியில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். டிராகுலாவின் நெஞ்சில் மர முளையை அறைந்து கொல்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அன்றிரவே பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டியபோதுதான், அங்கே முளையே கிடையாது என்பது உறைத்தது. அந்தத் தவறைத் திருத்தும் கையோடு, ரத்தக்காட்டேரிக் கதைகளின் ரசிகர்கள் சலிக்காமல் சண்டை போடும் கேள்வி ஒன்றையும் இன்று பார்த்துவிடலாம்: டிராகுலா உண்மையிலேயே செத்தானா? நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்துவிட்டு வாருங்கள். முடிவை மறைத்துக்கொண்டு இதைப் பேச வழியில்லை.

முதலில் அந்தக் காட்சி. நவம்பர் 6ஆம் தேதி, பனி மூடிய மலைப்பகுதி, பொழுது சாயும் நேரம். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப்படும் பெட்டிக்குள் டிராகுலா படுத்திருக்கிறான். காவலுக்கு வருபவர்களை விலக்கிக்கொண்டு, அவனைத் துரத்தி வரும் ஜோனதன் ஹார்க்கரும் குவின்சி மோரிஸும் பெட்டியின் மூடியைப் பெயர்த்தெடுக்கிறார்கள். டிராகுலாவின் கண்கள் மறையும் சூரியனைப் பார்க்கின்றன. வெறுப்பாக இருந்த பார்வை வெற்றிக் களிப்பாக மாறுகிறது. அதே நொடியில் ஹார்க்கரின் கத்தி கழுத்தை அறுக்கிறது, மோரிஸின் வேட்டைக்கத்தி இதயத்தில் இறங்குகிறது. ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் உடல் முழுவதும் தூளாக உதிர்ந்துவிடுகிறது.

"சாகவில்லை" என்று வாதாடும் அணியினர் இந்தத் தூளைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நிலவொளியில் தூசியாக மிதந்து வரக்கூடியவன் டிராகுலா என்பதையும், சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் அவனால் உருமாற முடிந்த நேரங்கள் என்பதையும் அவனை வேட்டையாடும் குழுவை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கே முன்னர் விளக்கியிருக்கிறார். அப்படியிருக்க, சரியாகப் பொழுது சாயும் தருணத்தில் தூளாகிப் போனவன் ஏன் தப்பித்திருக்கக் கூடாது? போதாக்குறைக்கு, டிராகுலா கடித்து ரத்தக்காட்டேரியாக மாறிய லூசிக்குச் செய்த சடங்கு எதுவும் இங்கே நடக்கவில்லை. லூசியின் நெஞ்சில் முளை அறைந்தார்கள், தலையைத் துண்டித்தார்கள், வாயில் பூண்டை நிரப்பினார்கள். டிராகுலாவுக்கோ இரண்டே இரண்டு சாதாரண எஃகுக் கத்திகள்தான். அலட்சியமாகத் தள்ளிவிட முடியாத வாதம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதற்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த முளை என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். என் கையில் இருப்பது கூடாரம் அடிக்கப் பயன்படும் மர முளை. இதைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நுனியைப் பாருங்கள். மொக்கையாகத்தான் இருக்கிறது. மண்ணில் இறங்கினால் போதும், சதையைக் கிழிக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. தமிழில் முளை அடிப்பது என்று சொன்னாலே ஒன்றை ஓரிடத்தில் கட்டிப்போடுவதுதான் நினைவுக்கு வருகிறது. கொலை நினைவுக்கு வருவதில்லை. பிணத்தின் வழியாக முளையை அடித்தவர்களின் எண்ணத்திலும் பெரும்பாலும் அதுவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. எழுந்து வருகிறது என்று அஞ்சிய பிணத்தை அவர்கள் மண்ணோடு சேர்த்துத் தைத்தார்கள்.

1725ஆம் ஆண்டு, அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த செர்பியப் பகுதியின் கிசிலோவா என்ற ஊரில், பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவரின் புதைகுழியைத் தோண்டினார்கள். அவர் இறந்த சில வாரங்களுக்குள் ஊரில் ஒன்பது பேர் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். முடியும் தாடியும் நகமும் வளர்ந்திருந்தன, வாயில் புது ரத்தம் இருந்தது என்று அதைப் பார்த்த அரசு அதிகாரி அறிக்கையில் எழுதினார். முளையை அறைந்ததும் காதிலும் வாயிலும் ரத்தம் வழிந்தது. இன்றைக்கு நமக்கு இதன் காரணம் தெரியும்: அழுகும் உடலில் சேரும் வாயு, திரவத்தை வாய் வழியாக மேலே தள்ளுகிறது, தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்ததுபோல் தோன்றுகிறது. 1732ஆம் ஆண்டின் இன்னொரு அறிக்கையில், முளை இறங்கியபோது பிணம் முனகியதாகவே எழுதியிருக்கிறார்கள். உள்ளே அடைபட்டிருந்த வாயு தொண்டை வழியாக வெளியேறினால் அப்படித்தான் கேட்கும். ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. இரண்டு சம்பவங்களிலும் முளையோடு அவர்கள் நிறுத்தவில்லை, உடலை எரித்துச் சாம்பலாக்கினார்கள். முளை அடித்தவர்களே முளையை முழுதாக நம்பவில்லை.

ஸ்டோக்கரின் நாவலிலும் இதன் தடயம் இருக்கிறது. லூசியின் நெஞ்சில் அறைந்த முளையை யாரும் பிடுங்குவதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, நுனியை உடலுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஆயுதமாக இருந்தால் வேலை முடிந்ததும் எடுத்திருப்பார்கள் அல்லவா?

சூரிய ஒளிக்கு வருவோம். வெயில் பட்டால் சாம்பலாவதுதான் ஆதியிலிருந்து வரும் விதி என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இல்லை. ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறான். பகலில் அவனுடைய ஆற்றல் குறைகிறது, அவ்வளவுதான். காலை வெளிச்சம் பட்டு ரத்தக்காட்டேரி மறைந்துபோவது 1922இல் வெளிவந்த மௌனப்படமான நோஸ்ஃபெராட்டுவில்தான் அழுத்தமாகப் பதிந்தது. திரையில் ஒருவன் ஒளியில் கரைவதைக் காட்டுவது எவ்வளவு அழகான வேலை என்பதை யோசித்துப் பார்த்தால், சினிமா இந்த விதியை ஏன் அதன்பின் கைவிடவேயில்லை என்பது புரியும். வெள்ளித் தோட்டாவைப் பற்றியும் பலர் கேட்பார்கள். அது பெரிதும் ஓநாய் மனிதர்களின் சொத்து, அங்கேயே இருக்கட்டும்.

சிலுவையின் கதை இன்னும் சுவாரசியமானது. ரிச்சர்ட் மேத்சன் 1954இல் எழுதிய நாவலில் ரத்தக்காட்டேரித்தனம் ஒரு நுண்கிருமியால் வரும் நோய். அங்கே சிலுவை வெறும் மனப்பழக்கத்தால்தான் வேலை செய்கிறது. உயிரோடிருந்தபோது யூதராக இருந்தவர் சிலுவைக்கு அசைவதில்லை, யூதர்களின் புனித நூலான தோராவுக்குத்தான் பின்வாங்குகிறார். ஸ்டீபன் கிங் 1975இல் எழுதிய நாவலில் நம்பிக்கை தளர்ந்த பாதிரியாரின் கையில் சிலுவை ஒளியிழந்து வெறும் பொருளாகிவிடுகிறது. ஒரே சிலுவைதான், ஆனால் ஒன்றில் அதன் பலம் பிணத்தின் மனதில் இருக்கிறது, மற்றொன்றில் பிடித்திருப்பவரின் மனதில் இருக்கிறது. எந்த ஆயுதம் சிறந்தது என்று கேட்பதைவிட, இந்தக் கதையில் பிணத்தை எழுப்பி நடக்க வைப்பது எது என்று கேட்பதுதான் எனக்குப் பயன்படுகிறது.

ஜாம்பிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் ஜார்ஜ் ரோமெரோவின் படம் மூளையைச் சிதைத்தால் போதும் என்றது. ஏனென்றால் அங்கே பிணத்தை இயக்குவது மூளை. 1985இல் வந்த இன்னொரு படம் அந்த விதியைக் கேலி செய்தே தொடங்குகிறது. தலையில் அடிக்கிறார்கள், பலனில்லை. துண்டு துண்டாக வெட்டுகிறார்கள், துண்டுகள் அசைகின்றன. கடைசியில் எரிக்கிறார்கள், அந்தப் புகை மழையோடு கலந்து இறங்கிக் கல்லறைத் தோட்டத்தையே எழுப்பிவிடுகிறது. பிணத்தை எழுப்புவது ஒரு ரசாயனம் என்றான பிறகு நெருப்பே அதைப் பரப்பும் வழியாகிவிடுகிறது. விதியை உடைத்த மாதிரி தெரிந்தாலும், இதைவிட நேர்மையாக விதியைப் பின்பற்றிய படம் எனக்கு நினைவில்லை.

இப்போது டிராகுலாவின் வண்டிக்குத் திரும்புவோம். முளை இல்லையே என்ற புகார் நிற்காது. புனிதத் தோட்டா, முளை, துண்டித்த தலை ஆகிய மூன்றையும் வான் ஹெல்சிங்கே மாற்று வழிகளாக அடுக்கிச் சொல்கிறார். ஹார்க்கரின் கத்தி கழுத்தைத்தான் அறுக்கிறது. சூரியன் மறையும் நேரம் என்ற புகாருக்கு இது போதாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் கத்தியை விட்டுவிட்டு ஹார்க்கரின் மனைவி மினாவின் நெற்றியைப் பார்க்கிறேன். டிராகுலா அவளைத் தீண்டிய பிறகு, திருவிருந்து அப்பம் பட்டு அவள் நெற்றியில் தீய்ந்த தழும்பு விழுந்திருந்தது. அவன் ஆதிக்கம் அவள்மேல் இருப்பதற்கு அதுதான் அடையாளம். சண்டையில் காயம்பட்டு ரத்தம் வடியக் கிடக்கும் மோரிஸ், சாவதற்கு முன் கடைசியாகக் கைநீட்டிக் காட்டுவது அந்த நெற்றியைத்தான். தழும்பு இல்லை.